கட்டிலுக்குக் கீழே ஒரு மேஸ்திரி

ரங்கூனுக்கு வந்து இறங்கிய ஜனங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தவர்கள். சூலே பகோடாவின் தங்கத்தைப் பார்த்தார்கள், கப்பலின் புகைக்கூண்டைப் பார்த்தார்கள், துரைமார்களின் முகத்தைப் பார்த்தார்கள். குனிந்து பார்த்தவர் அந்த ஊரிலேயே ஒரே ஒருவர்தான். அவருடைய பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் சம்சாரத்துக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த அம்மாள் வாயால் சொல்லுவாளா? ஆகவே எங்களுக்கு அவர் முட்டு மேஸ்திரி.

உலகத்திலுள்ள சகல வஸ்துக்களும் விழுவதற்குத் தயாராக இருக்கின்றன, தாம் ஊர் ஊராகப் போய் முட்டுக் கொடுப்பதால்தான் ஏதோ நிற்கின்றன என்பது அவருடைய சித்தாந்தம். மொகிங்காக் கடைக்குப் போனால் நாமெல்லாம் கிண்ணத்தில் மீன் குழம்பு எவ்வளவு ஊற்றுகிறார்கள் என்று பார்ப்போம். அவர் மேஜைக்கு அடியில் போய்விடுவார். இடுப்பில் செருகியிருக்கும் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலை எடுத்து அடிப்பலகையில் 'டொக்' என்று ஒரு தட்டு. மேலே நாலு பேருடைய கிண்ணம் துள்ளும். கடைக்காரப் பர்மாக்காரி நாளடைவில் அவருடைய கிண்ணத்தை மேஜைக்குக் கீழேயே வைத்துவிடப் பழகிக்கொண்டாள்.

எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். மணவறைக்கு அடியிலிருந்து 'டொக்'. தவில்காரர் அதைச் சமிக்ஞை என்று எண்ணிக் கெட்டிமேளத்தை முழக்கிவிட்டார்.

"மாப்ளே, கொஞ்சம் எடது பக்கமாச் சாஞ்சுக்கிட்டுக் கட்டுங்க. வலது கால் சரியில்லே" என்றது அடியிலிருந்து ஒரு குரல்.

மாப்பிள்ளை சாய்ந்துகொண்டுதான் கட்டினார்.

என் வீட்டுக்கு அவர் முதல் தடவை வந்தபோது, "வாங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கட்டிலுக்கடியில் நுழைந்துவிட்டார். நானும் மனைவியும் அவருடைய இரண்டு பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே வந்து தலையில் ஒட்டடையோடு என்னை உற்றுப் பார்த்தார்.

"கிராணியாரே, நீங்க தூங்குறதில்ல. பொரண்டுக்கிட்டே கெடக்கிறீங்க. ஆபீசுல என்னா பயம்?"

"அதெப்படி மேஸ்திரி உங்களுக்குத் தெரியும்?" என்றாள் என் மனைவி, ஜோசியரிடம் கேட்பது போல.

"கட்டில் சட்டம் சொல்லுதும்மா. ஒங்க பக்கம் ஆணி அப்படியே இருக்கு. அவரு பக்கம் ஆணியெல்லாம் பல்லு மாதிரி ஆடுது."

உண்மைதான். நான் கியாக்டடாப் பேட்டையில் ஓர் அரிசிக் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. எங்கள் துரை மணியடித்தால் எழுந்து நிற்பேன். அடுத்த கட்டிடத்துத் துரை மணியடித்தாலும் எழுந்து நிற்பேன். பயத்தை நாளைக்கு என்று தள்ளிவைக்கும் வழக்கமே என்னிடம் கிடையாது.

அப்பேர்ப்பட்ட என் தலையில்தான் அந்த வீட்டு மோட்டார் வந்து விழுந்தது. லாரியின் முதுகில் மரத்தால் ஓர் அறை. அறைக்குள் கட்டில், அலமாரி, ஜன்னலுக்குத் திரை. வெளியூர் ஆலைகளைச் சுற்றிப் பார்க்கத் துரை ஆசையாகச் செய்வித்தது. முதல் பயணத்திலேயே கட்டில் நடுவில் முறிந்து, துரை மடக்கிய கடிதாசி மாதிரி உள்ளே போய்விட்டார். டிரைவர் கோ மாரிதான் இழுத்து வெளியே எடுத்தான். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. மாரியப்பன் என்ற பெயருக்கு முன்னால் ஊரார் மரியாதையாக ஒரு 'கோ' சேர்த்திருந்தார்கள்.

துரை என்னைக் கூப்பிட்டார். லண்டனிலிருந்து பெரிய துரை வருகிறாராம். இந்த வண்டியில்தான் பெகு வழியாக ஆலைகளைப் பார்க்கப் போகிறாராம். பெரிய துரையின் உடம்பும் பெரிதாம்.

"கட்டில் விழுந்தால் நான் அடுத்த கப்பலில் ஊருக்குப் போவேன்" என்றார் துரை. "எனக்கு முந்தின கப்பலில் நீ போவாய்."

நேரே முட்டு மேஸ்திரியிடம் ஓடினேன்.

வண்டி அலோனில், ஆற்றங்கரைக் கிடங்குக்குள் நின்றது. மேஸ்திரி உள்ளே ஏறிக் கட்டிலுக்கடியில் நுழைந்தார். பிறகு சிரிப்புச் சத்தம்.

"கிராணியாரே, இது கட்டிலே இல்ல. சாமான் வர்ற பெட்டிப் பலகைக்குப் பாலீசு போட்டு வச்சிருக்கான். பக்கத்துக் கட்டையைச் செவத்துப் பலகையில முடுக்கியிருக்கான். செவுரே பல்லிக்குப் பயந்துகிட்டு நிக்குது. அது எங்கேருந்து ஆளைத் தாங்கும்?"

பெட்டிப் பலகையெல்லாம் வெளியே பறந்தது. தேக்கு ரீப்பர்களை நெருக்கி வரிசையாகப் போட்டார். பக்கத்துக் கட்டைகளை, சுவரை விட்டுவிட்டு, வண்டியின் நிமிர்ந்த சட்டங்களோடு போல்ட்டு போட்டு இறுக்கினார். நடுவில், தமக்குப் பிரியமான ஒரு முட்டு. ரயில் பாதைக்குக் குறுக்கே போடுவார்களே, பிங்காடு, அந்த மரம். ஆணி இறங்காது, ஆணியடிக்கிறவன்தான் இளைத்துப் போவான்.

"முடிந்ததா?" என்றேன்.

"எப்படி முடியும்? ஆள் படுக்கணும். நான் கீழே படுத்துப் பாக்கணும். அப்பத்தான் முடிஞ்சுதா இல்லியான்னு தெரியும்."

கிடங்கு நிறைய அரிசி மூட்டை இருந்ததால், இரண்டை ஏற்றிப் பார்க்கலாமே என்று புத்திசாலித்தனமாகச் சொன்னேன்.

"மூட்டை பொரளுமா?" என்றார் மேஸ்திரி. "மனுசன் படுத்தா கட்டில் ஒடையாது கிராணியாரே. பொரண்டாத்தான் ஒடையும். அதுவும் வண்டி ஓடறப்போ பொரளணும்."

பெரிய துரைக்கு நிகரான உடம்புக்கு எங்கே போவது? மொகல் தெருப் பிரியாணிக்கடை ராவுத்தரைத் தவிர இந்தப் பூமியில் வேறு ஆள் கிடையாது. மத்தியானக் கடை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

"படுத்தா மட்டும் போதுமா, இல்ல வேற எதுவும் செய்யணுமா?" என்றார்.

"புரளணும் பாய்."

"அது தன்னால வரும்" என்று கிளம்பிவிட்டார்.

ராவுத்தர் சுவர்ப் பக்கம் படுத்தார். மிச்சமிருந்த ஒரு சாண் இடத்தில், எடை போதாது என்று என்னையும் மேஸ்திரி படுக்கவைத்தார். கட்டிலுக்குக் கீழே, வண்டித் தரையில், முட்டுக்குப் பக்கத்தில் அவர் மல்லாந்துகொண்டார். ஏற்பாடு இதுதான்: கீழேயிருந்து 'டொக்' என்றால் நாங்கள் புரள வேண்டும். கோ மாரி வண்டியை எடுத்தான். 'டொக்' – புரண்டோம். 'டொக்' – புரண்டோம். ராவுத்தர் புரளும் போதெல்லாம் நான் என் குலதெய்வத்தைச் சந்தித்துத் திரும்பினேன். கொஞ்ச தூரத்தில் ராவுத்தர் குறட்டை விட ஆரம்பித்தார். தட்டினால் தூக்கத்திலேயே புரண்டார்.

டல்ஹௌசி தெருவில் டிராம் தண்டவாளத்தைத் தாண்டும்போது வண்டி ஒரு குதி குதித்தது. 'படார்!' வண்டி நின்றுவிட்டது.

"அமலே!" என்று பர்மியப் பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டு அலறினான் கோ மாரி.

"மேஸ்திரி!" என்று நான் அலறினேன். பதில் இல்லை. அந்தப் பாவி மனிதர் நசுங்கிவிட்டார், நான் ஜெயிலுக்குப் போகிறேன், ஜெயிலில் எந்த மணிக்கெல்லாம் எழுந்து நிற்க வேண்டியிருக்குமோ என்பது வரையில் நினைத்துவிட்டேன்.

"கிராணியாரே, கட்டில் ஆடிச்சா?" என்று கீழேயிருந்து நிதானமாக ஒரு குரல்.

"ஆடலே. என்ன ஒடஞ்சது?"

"தரை."

கட்டில் அசையவில்லை. முட்டும் முறியவில்லை. ரெண்டுக்கும் கீழே இளைத்தது வண்டியின் தரைப் பலகைதான். பிங்காடு முட்டு அதைப் பொத்துக்கொண்டு இறங்கி, தண்டவாளத்தின் ஓரத்தில் நங்கூரம் போட்டுவிட்டது. மேஸ்திரியின் காதுக்கு அரைச் சாண் தள்ளி. அடிப்பக்கத்தையே ஆயுள் முழுக்கப் பார்த்த மனிதர், தம்முடைய முதுகுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்க மறந்துவிட்டார்.

பின்னால் டிராம் மணியடித்தது. வழக்கப்படி எழுந்து நிற்கப் பார்த்துத் தலையை இடித்துக்கொண்டேன். டிராமுக்குப் பின்னால் ஒரு கார் நின்றது. காரிலிருந்து எங்கள் துரை இறங்கினார்.

வண்டியின் கதவு திறந்தது. பெரிய துரை படுக்க வேண்டிய மெத்தையில் பிரியாணி மணக்க ராவுத்தர். பக்கத்தில் ஆபீஸ் கிராணி. கட்டிலுக்கடியில் இரண்டு பாதங்கள். துரை என்னைப் பார்க்கவில்லை. தரையையும் பார்க்கவில்லை. ராவுத்தரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் தூங்குகிறாரா?"

"ஆமாம் சார்."

"வண்டி குதித்தபோதும்?"

"அப்போதும் சார்."

துரையின் முகத்தில் இதுவரை நான் காணாத ஒரு பொறாமை தெரிந்தது. ராவுத்தரை எழுப்பச் சொன்னார். தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, நடுத்தெருவில், டிராம் மணியடிக்க அடிக்க, தாமே ஏறிப் படுத்தார். அவருக்கும் என்னை மாதிரியே பயம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கீழேயிருந்து 'டொக்'.

"என்ன அது?" என்றார் துரை.

"புரள வேண்டும் சார்."

துரை புரண்டார்.

அந்த முட்டுக்கட்டையை அதற்கப்புறம் தரைப் பலகையிலிருந்து எடுத்து, லாரியின் இரும்புச் சட்டத்துக்கு நேர் மேலே நிறுத்தினார்கள். பெரிய துரை வந்தார், மாலை விழுந்தது, வண்டி கிளம்பியது. கையாட்டி முடித்துத் திரும்பினேன். மேஸ்திரியைக் காணோம். அவருடைய செருப்பு மட்டும் வண்டி நின்ற இடத்தில் இருந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. படுக்க வேண்டிய ஆள் படுக்காமல் மேஸ்திரிக்கு வேலை முடியாது. லண்டன் முதலாளிக்கு அடியில் முட்டு மேஸ்திரி மல்லாந்து கிடக்கிறார், கையில் கொட்டாப்புளியோடு!

வீட்டுக்கு ஓடி, "மூட்டை கட்டு, கப்பலேறணும்" என்றேன். கப்பலில் கட்டிலுக்கு இடமில்லை என்று அதைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் நாங்கள் தரையில் உட்கார்ந்திருந்தபோது, மேஸ்திரி வெறுங்காலோடு உள்ளே வந்தார். பெகுவிலிருந்து ரயிலில் திரும்பினாராம்.

"என்னய்யா செஞ்சீங்க?"

"தட்டினேன். பொரண்டாரு."

"யாருன்னு கேக்கலியா?"

"எதுக்குக் கேக்கணும்? நல்ல மனுசன். எப்பவும் வலது பக்கமாவே ஒருக்களிச்சுப் படுக்குறாரு. அதனால வலது சட்டத்துக்கு இன்னொரு திருகாணி போட்டுட்டு வந்தேன்."

"எப்போ?"

"அவரு தூங்குறப்பத்தான்."

பின்னால் கோ மாரி சொன்னான்: பெரிய துரை எங்கள் துரையிடம் வண்டியை மெச்சிக்கொண்டாராம். உள்ளே ஏதோ ஒரு யந்திரம் இருக்கிறது, புரண்டு படுக்க வேண்டிய நேரத்தில் தட்டிச் சொல்கிறது, கப்பலில் வந்த நாளெல்லாம் வராத தூக்கம் இதில் வந்தது என்றாராம். எங்கள் துரை "ஆமாம் சார், புது மாதிரி" என்று சொல்லிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டாராம்.

மேஸ்திரி வெறும் தரையைப் பார்த்தார்; எங்கள் மூட்டைகளைப் பார்த்தார். மறுவாரம் ஒரு தேக்குக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டார். "படுங்க" என்றார். படுத்தேன். கீழே போனார். 'டொக்'. புரண்டேன்.

"உங்க பக்கம் ரெண்டு போல்ட்டு சேத்துப் போட்டிருக்கேன்" என்றது குரல். "இனிமே எவ்வளவு வேணாலும் பயப்படுங்க."

மேஸ்திரி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கட்டில் இன்னும் ஆடவில்லை. நான் இன்றைக்கும் படுத்தவுடன் ஒரு தடவை புரள்கிறேன். கீழேயிருந்து தட்டு வராது என்று தெரியும். ஆனாலும் அவர் பார்க்க வேண்டியதைச் சாவகாசமாகப் பார்த்துவிட்டு வரட்டும் என்று, சற்று நேரம் அசையாமல் கிடக்கிறேன்.