மாப்பிள்ளைக்கு ஒரு ஜோடி நைலான் ஸ்டாக்கிங்ஸ்

பொம்மனஹள்ளி,
10-6-1998

என் பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய அக்கா லட்சுமம்மாவுக்கு, தம்பி சேஷகிரி எழுதுவது. இங்கே நானும் காந்தாவும் விஜியும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே உன் மூட்டுவலியும் மாமாவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். குடியாத்தத்தில் மழை உண்டா? இங்கே தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, ஃபாக்டரி ஷிஃப்ட் மாதிரி, நேரம் தவறாமல் வந்து பெய்துவிட்டுப் போகிறது. இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. மாமாவுக்குப் படித்துக் காட்டுவதாக இருந்தால் அவர் மாத்திரை போட்ட பிறகு காட்டு.

என் மகள் விஜிக்கு நீ பார்த்துக் கொடுத்த வரன் மஞ்சுநாத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். சந்தாபுராவில் சொந்தமாகப் போட்டோ ஸ்டூடியோ, வீட்டில் தாயார் சந்திரம்மாவும் அவரும் மட்டும்தான், வெற்றிலை பாக்குப் பழக்கம்கூடக் கிடையாது என்று நீ சொன்னதை நம்பிப் பெண் பார்க்க வரச் சொன்னேன். வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்று இங்கேயே சொல்லிவிட்டுப் போனார்கள். இதற்கு முன்னால் வந்த இரண்டு இடத்துக்காரர்களும், கண்ணாடி போடாமல் பெண்ணின் போட்டோ ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிப்போய் அதோடு காணாமல் போனவர்கள் என்பது உனக்குத் தெரியும். இவர் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் சமையலறையில் விஜியின் பாட்டு கேட்டது. எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சத்தம் கேட்டு.

மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நான் பேச்செடுத்தபோது அவர் வேண்டாம் என்றுவிட்டார். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் தொழிலுக்கு உபயோகமாக ஏதாவது கொடுங்கள், நான் தினமும் கையாளுகிற சாமான்களில் வாங்கினால் வீண்போகாதவற்றை மட்டும் எழுதி அனுப்புகிறேன் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜப்பான் கேமராவாக இருக்கும், அதற்கு நீளமாக ஒரு லென்ஸ் இருக்கும் என்று நானே முடிவுகட்டி, எங்கள் கார்மென்ட்ஸ் ஃபாக்டரி ஸ்டோர்ஸில் எல்லோரிடமும் சொல்லியும் விட்டேன். போன வாரம் திங்கட்கிழமை கவர் வந்தது. பக்கத்து நாற்காலியில் உட்காருகிற கிளார்க் ஸ்ரீகண்டன், சத்தமாகப் படியுங்கள், நாங்களும் தெரிந்துகொள்கிறோம் என்றான். படித்தேன்.

பெண்கள் காலில் போடுகிற நைலான் ஸ்டாக்கிங்ஸ், மெல்லிசாக, ஒரு ஜோடி. புருவப் பென்சில் ஒன்று. முகப் பவுடர் பெரிய டப்பா. ஹேர்பின், சேஃப்டி பின் கையில் அள்ளுகிற அளவு. துணி காயப்போடும் கிளிப் இரண்டு டஜன். குழந்தைக் கிலுகிலுப்பை, சத்தம் பெரிதாக வரவேண்டும். மருந்துக் கடையில் காது கழுவ விற்பார்களே, அந்த ரப்பர் பல்பு. பெரிய தெர்மாகோல் அட்டை இரண்டு. கடைசியில், துவைத்துத் துவைத்து நைந்துபோன பழைய பனியன் மாமாவிடம், அதாவது என்னிடம், இருந்தால் அதுவும்.

கேமரா என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் வெறுமையாக இருந்தது. ஸ்ரீகண்டன்தான் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக இரண்டு முறை படித்தான்.

"சார், இது போட்டோகிராஃபர் லிஸ்ட் இல்ல. ஒரு குடும்பத்தோட லிஸ்ட்" என்றான்.

அப்புறம் ஒவ்வொன்றாக விளக்கினான். ஸ்டாக்கிங்ஸ், பென்சில், பவுடர், பின் எல்லாம் அந்த அம்மாவுக்கு. ஸ்டாக்கிங்ஸ் போடுகிறவள் என்றால் ஏதோ கம்பெனியில் ரிசப்ஷனில் இருக்கிறவளாக இருக்கும். கிலுகிலுப்பை குழந்தைக்கு. குழந்தைக்குக் காதில் சீழ், அதற்குத்தான் ரப்பர் பல்பு. கிளிப், குழந்தைத் துணி காயப்போட. பழைய பனியன் கிழித்துக் குழந்தைக்குக் கட்ட. தெர்மாகோல் எதற்கடா என்று கேட்டேன். முதல் பிறந்தநாளுக்குப் பெயர் வெட்டிச் சுவரில் ஒட்டுவார்கள் சார் என்றான். என் பழைய பனியனை என் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் குழந்தைக்குக் கட்டுவதா? அக்கா, இந்த இடத்திலிருந்து அவர் எனக்கு அவன் ஆகிவிட்டார். கொஞ்ச தூரத்துக்கு அப்படித்தான் எழுதுவேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

காந்தாவிடம் சொல்லவில்லை. சொன்னால் விஜியின் காதுக்குப் போய்விடும், அந்தப் பாட்டு நின்றுவிடும். ஆனால் இருபத்திரண்டு வருடம் ஸ்டோர்ஸில் இருக்கிறவன் நான். சரக்கைக் கொடுத்துவிட்டு அது எந்தக் கைக்குப் போகிறது என்று பின்னாலேயே போனால் ஆளைப் பிடித்துவிடலாம். ஆகவே எல்லாவற்றையும் வாங்கிக் கொடுப்பது, பிறகு அவன் பின்னால் போவது என்று தீர்மானித்து, வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுக் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். பவுடரும் பின்னும் கிளிப்பும் சிரமமில்லாமல் கிடைத்துவிட்டன. ஸ்டாக்கிங்ஸுக்குத்தான் பெரிய கடைக்குள் நுழைய வேண்டியிருந்தது. உள்ளே முழுக்கப் பெண்கள். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் காகிதத்தை நீட்டினேன், வாயால் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அவள் படித்துப் பார்த்து, "யாரிகெ சார்?" என்று கன்னடத்தில் கேட்டாள். யாருக்கு என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்ல? மனைவிக்கு என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை. "நம்ம அளியனிகெ" என்று சொல்லிவிட்டேன். நம் மாப்பிள்ளைக்கு என்று.

புடவை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்த கடை ஆள்கூடத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் மட்டும் முகம் மாறாமல், மாப்பிள்ளை எவ்வளவு உயரம் என்று கேட்டாள். நானும் கையைத் தூக்கி, என் காது வரை இருப்பார் என்று காட்டினேன். ஏன் காட்டினேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கருப்பில் ஒரு ஜோடி கொடுத்தாள். பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன், பஸ் ஸ்டாப் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை சாமான்களை ஸ்டூடியோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஸ்டாக்கிங்ஸை எடுத்து, உள்ளே கையை விட்டு, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் பார்த்தான். ரப்பர் பல்பைக் காதருகே வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டான். பனியன் எங்கே மாமா என்று கேட்டான். காந்தா தேடிக்கொண்டிருக்கிறாள் என்று மழுப்பினேன். மறுநாள் காலை சந்தாபுரா கல்யாண மண்டபத்தில் தனக்கு வேலை இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னான். நான் வாங்கிக் கொடுத்த சாமான்கள் அத்தனையையும் ஒரு கறுப்புப் பைக்குள் அடைத்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். அந்த அம்மாவும் குழந்தையும் கல்யாணத்துக்கு வருகிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, யூனியன் மீட்டிங் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, அழைப்பில்லாத கல்யாணத்துக்குப் போய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். கையில் யாரோ பன்னீர் தெளித்தார்கள், இன்னொருவர் காபி கொடுத்தார், குடித்தேன். மஞ்சுநாத் பையைத் திறந்தான். முதலில் ரப்பர் பல்பு வெளியே வந்தது. அதைக் கேமரா லென்ஸுக்கு நேராகப் பிடித்து, புஸ் புஸ் என்று தூசியை ஊதினான். தன் பையிலிருந்த நைந்த பனியன் துண்டால் லென்ஸைத் துடைத்தான். கல்யாண மாப்பிள்ளையின் கோட்டு இரவல் போலிருக்கிறது, தோளிலிருந்து தொங்கியது. என் கிளிப்களை எடுத்து முதுகுப் பக்கம் துணியைச் சேர்த்து வரிசையாகப் போட்டான். முன்னாலிருந்து பார்த்தால் தைத்து வாங்கின கோட்டு. பின்னாலிருந்து பார்த்தால் மொட்டைமாடித் துணிக்கொடி. அந்த மாப்பிள்ளைக்கு மீசை ஒரு பக்கம் அடர்த்தி, மறுபக்கம் இல்லை என்றே சொல்லலாம். புருவப் பென்சிலால் நாலு கோடு, மீசை சமமாகிவிட்டது. குடும்பப் படத்தில் ஒரு குழந்தை வீறிட்டது. கிலுகிலுப்பையை ஆட்டினான், குழந்தை வாயை மூடிக்கொண்டு லென்ஸையே பார்த்தது. என் லிஸ்டில் இருந்த குடும்பம் ஒவ்வொருவராகக் கரைந்துகொண்டே போனது. மீதி இருந்தது ஸ்டாக்கிங்ஸ்தான்.

அப்போது கல்யாணப் பெண்ணைத் தனியாக எடுக்க ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இடது கன்னத்தில் சின்ன வயதில் சுட்ட தழும்பு, காது வரைக்கும் இருந்தது. பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி, தூரத்திலிருந்தே எடுத்துடுங்க, கிட்டே வேணாம் என்று அவள் காதில் விழும்படியே சொன்னாள். பெண் தலையைக் குனிந்தவள்தான், நிமிரவே இல்லை. தாயார் முகவாயைப் பிடித்துத் தூக்கினாலும் திரும்பத் தொங்கியது. எனக்கு அங்கே விஜி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது அக்கா. கண்ணாடியைக் கழற்றச் சொன்ன அன்றைக்கு அவளும் இப்படித்தான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மஞ்சுநாத் அவசரப்படவில்லை. ஸ்டாக்கிங்ஸை எடுத்தான், கத்தரிக்கோலால் ஒரு துண்டு வெட்டினான், லென்ஸின் மேல் இழுத்துக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டான்; அப்படிச் செய்தால் முகம் மெல்லிய பனி வழியாகப் பார்ப்பதுபோல் மென்மையாக விழுமாம். தெர்மாகோல் அட்டையைத் தூக்கி, யாரென்று பார்க்காமலேயே தூணுக்குப் பின்னால் நீட்டி, இதைக் கொஞ்சம் பிடிங்க சார் என்றான். வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தான்.

"மாமா, நீங்களா? சரி, கையை இறக்காதீங்க" என்றான்.

பெண்ணுக்கு முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்துகொண்டான். அவள் தலையைத் தூக்காமலே, "மறைச்சுடுவீங்களா?" என்று கேட்டாள்.

"மறைக்க மாட்டேன்மா. படம் பார்க்கிறவங்க முதல்ல உங்க கண்ணைத்தான் பார்ப்பாங்க, அப்படி எடுத்துத் தரேன். அதுக்கு நீங்க கண்ணைக் காட்டணும்."

ஜன்னல் வெளிச்சம் என் கையிலிருந்த வெள்ளை அட்டையில் பட்டு அவள் இடது கன்னத்தில் போய் விழுந்தது. கை அசைந்தால் வெளிச்சமும் அசைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் நிமிர்ந்தாள். சிரிக்கவில்லை, ஆனால் நேராகப் பார்த்தாள். அவ்வளவுதான், படம் எடுத்தாகிவிட்டது. தூரத்திலிருந்து எடுக்கச் சொன்ன அம்மாள், எனக்கும் அந்த ஜன்னல்கிட்ட ஒண்ணு எடுங்களேன் என்று வந்து உட்கார்ந்தாள். அந்த அம்மாளுக்கும் பவுடர் போட்டு எடுத்துக் கொடுத்தார் மஞ்சுநாத். கவனித்தாயா அக்கா, மறுபடியும் அவர்.

ஒரு மணி நேரம் அட்டை பிடித்தேன். போட்டோக்காரரின் ஆள் என்று நினைத்துக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். பக்கத்து இலையில் நம் மாப்பிள்ளை. ஏன் தம்பி, கேமரா கேட்டிருக்கலாமே என்றேன். கேமரா பழையதாக இருந்தாலும் நன்றாக ஓடுகிறது, இந்தச் சாமான்கள்தான் சீக்கிரம் தீர்ந்துபோகின்றன, ஸ்டாக்கிங்ஸ் வாங்கத்தான் எனக்கு ரொம்பக் கூச்சம், இரண்டு வருடமாக நினைத்து நினைத்துக் கடை வாசலிலிருந்தே திரும்பிவிடுவேன் என்றார். என் இலையில் சாம்பார் ஓடிப் பாயசத்தில் கலந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. நான் ஏன் அங்கே வந்தேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஸ்ரீகண்டன் சொன்ன குடும்பக் கதையை நீயும் உன்னோடு வைத்துக்கொள். ஸ்ரீகண்டனோடு நான் இரண்டு நாளாகப் பேசுவதில்லை.

ஆகவே அக்கா, நீ பார்த்தது தங்கமான இடம். ஆவணியில் ஒரு நல்ல நாளாகப் பார்த்து மாமாவை முடிவுசெய்யச் சொல். பழைய பனியன் நான்கு துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். மாமாவுக்கு என் வணக்கம், உனக்குக் காந்தாவின் நமஸ்காரம். விஜிக்கு உங்கள் இருவரின் ஆசீர்வாதமும் வேண்டும். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

உன் தம்பி,
சேஷகிரி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் சந்தாபுராவிலிருந்து செய்தியோடு ஆள் வந்துவிட்டது. சந்திரம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் கோவிந்தப்பா என்று ஒருவர் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் துணிக்கடையில் வேலை பார்க்கிறாராம். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. நாம் கொடுத்த குடும்பப் போட்டோவில் என் முகத்தைப் பார்த்திருக்கிறாராம். பொம்மனஹள்ளி சம்பந்தி தன் மாப்பிள்ளைக்குப் பெண்கள் ஸ்டாக்கிங்ஸ் வாங்கினார், அளவுகூடக் கையால் காட்டினார் என்று சந்திரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டார். சந்திரம்மா படுத்துவிட்டார்களாம், குடும்பத்தைப் பற்றி இன்னும் நன்றாக விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்களாம். மாப்பிள்ளை தாயாரைச் சமாதானப்படுத்தப் போய், அவர்மேல் தப்பில்லை அம்மா, நான்தான் கேட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த அம்மாள் சாப்பிடவும் இல்லையாம். நீ கடிதம் கண்டதும் பஸ் பிடித்து வா. இதையே கொண்டுபோய் சந்திரம்மாவுக்குப் படித்துக் காட்டு, நடந்தது எல்லாம் இதில் இருக்கிறது. அவர்கள் பிள்ளைக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்று நான் நினைத்ததை மட்டும் விட்டுவிட்டுப் படி. அப்படி ஒருமுறை நானே படித்துப் பார்த்தேன். நான் மாப்பிள்ளைக்கு ஸ்டாக்கிங்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுநாள் எந்தக் காரணமும் இல்லாமல் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று அவரைப் பார்த்ததாக வருகிறது.