மண்டபத்தில் ஆடத் தகுதியுள்ளோர் பட்டியல்

நூரெம்பெர்க், களியாட்ட வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை

வெனிஸ் நகரில் ஜெர்மானிய வணிகர் விடுதியில் தொழில் கற்பதாகச் சொல்லிக்கொண்டு வறுத்த மீன் தின்றுகொண்டிருக்கும் என் சகோதரியின் ஏகபுத்திரன் லினார்ட்டுக்கு, பெக்னிட்ஸ் ஆற்றின் இரு கரையிலும் குங்குமப்பூ வணிகத்தில் நிகரற்றவனும், மோந்து பார்த்தே பூ விளைந்த ஊரையும் பறித்தவள் வயதையும் சொல்லக்கூடியவனுமான தாய்மாமன் எண்ட்ரஸ் கோல்ப் ஆசி கூறி எழுதுவது. இவ்விடம் யாவரும் நலம். எனக்கு மட்டும் பதினோரு நாட்களாக வயிறு எரிகிறது. மருத்துவர் அதைப் பித்தம் என்கிறார். உன் அத்தை அப்பொலோனியா வேறு பெயர் சொல்கிறாள். நம்பாதே. பொறாமை என்பது என் உடம்பிலேயே கிடையாது.

விஷயம் இதுதான். நம் ஊரில் நாற்பத்து மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. நகரசபையில் உட்காருவது அவர்கள், போருக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அவர்கள், என் கல்யாணத்துக்கு எத்தனை பேரை அழைக்கலாம், என் செருப்பின் முனை எத்தனை விரல் நீளலாம், என் கழுத்தில் எந்த மிருகத்தின் ரோமம் உட்காரலாம் என்று சட்டம் போடுவதும் அவர்கள். நூற்றெழுபது வருடங்களுக்கு முன் கைவினைஞர்கள் ஒருமுறை எதிர்த்து எழுந்தார்கள். அடித்து உட்கார வைத்தார்கள், இன்னும் எழவில்லை. அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நகர மண்டபத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு யாரை அழைக்கலாம் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த மண்டபத்துக்கு நேர் கீழேதான் சிறை. கீழே போக எல்லாருக்கும் தகுதி உண்டு. மேலே போகத்தான் ரத்தம் வேண்டும்.

எனக்கும் செபால்ட் ரோஷுக்கும் ஒரே சந்து, ஒரே வயது, சிறுவயதில் ஒரே சொறி. கம்பி வியாபாரி. மனைவியை இழந்தவன். போன இலையுதிர் காலத்தில் அந்த நாற்பத்து மூன்றில் ஒரு குடும்பத்து விதவையைக் கட்டிக்கொண்டான். அந்த அம்மாளுக்கு மூன்று தாடைகள். மூன்றுமே சலுகை பெற்றவை, ஏனென்றால் அவளைக் கட்டியவனுக்கும் மண்டபத்தில் இடம் உண்டாம். களியாட்ட வாரத்துக்கு முன்பு என் கடைக்கு வந்தான்.

"எண்ட்ரஸ், திங்கக்கிழம எனக்குக் கொஞ்சம் வேல இருக்குடா."

"என்ன வேல?"

"ஆடணும். கூப்பிட்டுட்டாங்க, போகாம இருந்தா மரியாதையா இருக்காது பாரு. உனக்கென்னப்பா, வீட்ல நிம்மதியா கால நீட்டிப் படுக்கலாம்."

அவன் போன பிறகு உன் அத்தை சொன்னாள்: "ஏங்க, அந்தத் தராசை விடுங்க. தட்டு வளைஞ்சுடும்."

ஆட்டம் நடக்கும் அந்தத் திங்கட்கிழமை மாலை மண்டபத்துச் சமையலறையிலிருந்து குங்குமப்பூ கேட்டு ஆள் வந்தான். வழக்கமாக வேலைக்காரன்தான் கொண்டுபோவான். அன்று நானே போனேன். பூ அப்படிப்பட்ட பூ. போர்த்தியிருந்தது என் குளிர் அங்கி: வெளியே சாதாரணச் சாம்பல் துணி, உள்ளே மார்ட்டன் என்னும் மரநாயின் ரோமம். அந்த ரோமம் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்பது சட்டம். ஆனால் உள்பக்கத்தைப் பற்றிச் சட்டம் வாயைத் திறக்கவில்லை என்பதால் ஊரில் பாதி வணிகர்கள் இப்படித்தான் ரகசியமாகக் கதகதப்பாக இருக்கிறார்கள். சமையலறையில் ஒரு தடியன் மஞ்சள் மீன்குழம்பை ஒரு குளம் அளவுக்கு என் முதுகில் கவிழ்த்தான். கறையோடு தெருவில் போக முடியுமா? அங்கியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, இருட்டில் தவறான படியில் ஏறி, தவறான கதவைத் திறந்தேன். வாசல் காவலர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரோமத்தைப் பார்த்தார். குனிந்தார்.

"எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க, ஐயா?"

நாக்கு என்னைக் கேட்காமலே "உல்ம்" என்றது. வெளியூர்ப் பிரபுக்களுக்கு யாரும் பட்டியலைப் புரட்டுவதில்லை.

லினார்ட், அடுத்த கணம் நான் ஆட்ட வரிசையில் நான்காவது ஜோடி. என் கையைப் பிடித்திருந்தவர் பிரிகிட்டா ஃபால்க்கன்ரீட் அம்மையார், சபையின் மூத்தவர் ஹெர் யெரோனிமஸின் தங்கை. அந்த ஆட்டம் ஆட்டமே அல்ல. இரண்டு அடி நடந்து ஒரு அடி யோசிப்பது, அவ்வளவுதான். அவர்கள் எதற்கும் அவசரப்படுவதில்லை. தின்பண்டத் தட்டு வந்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எட்டுத் தலைமுறைக்கு முன் எந்தப் பாட்டனுக்கு எந்தப் பல் வலித்தது என்பதுவரை சொல்கிறார்கள். எனக்கு என் அப்பாவின் அப்பா பெயரே தெரியாது. நானும் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன்.

அம்மையார் கேட்டார்: "உல்ம்ல இன்னமும் நெசவாளிங்களெல்லாம் சபையில உக்கார்றாங்களாமே. எப்படிச் சகிச்சுக்கிறீங்க?"

"ஜன்னலத் திறந்து வச்சுக்குவோம், அம்மா."

"இங்க வியாபாரிங்க தொல்ல தாங்கல. துணிமணியெல்லாம் நம்மள மாதிரியே போட்டுக்கறாங்க."

"அதுலயும் இந்தக் குங்குமப்பூக்காரங்க இருக்காங்களே, அவங்கள ஆத்துக்கு இந்தப் பக்கமே விடக்கூடாது," என்றேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, ஆனால் மனசாரச் சொன்னேன்.

அப்போதுதான் செபால்டைப் பார்த்தேன். கதவோரம், காற்று அடிக்கும் பெஞ்சின் நுனியில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி உறவுக்காரர்களோடு அந்தக் கோடியில். யாரும் அவனிடம் பேசவில்லை. அவன் பக்கத்தில் யாரோ கையுறையைக் கழற்றி வைத்திருந்தார்கள், அதுகூடக் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு இனிப்பான காட்சியை நான் கண்டதில்லை. நான் அருகில் மிதந்து போனபோது அவன் வாய் திறந்து மூடித் திறந்தது.

"டேய் எண்ட்ரஸ், நீ எங்கடா இங்க? இவன் கடைக்காரன்ங்க, எங்க சந்துங்க. பூ விக்கிறவன்."

குழல்கள் நின்றன. மண்டபத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது எனக்கு மிகத் தெளிவாக நினைவுக்கு வந்தது. ஹெர் யெரோனிமஸ் நடந்து வந்தார். என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தார்.

"உல்ம் முகம் எங்களுக்குத் தெரியாதா? நம்ம விருந்தாளிய இழிவு பண்றவரக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்க."

செபால்டை இருவர் அழைத்துப் போனார்கள். நான் இன்னும் இரண்டு சுற்று ஆடினேன்.

மறுநாள் பொழுது விடிவதற்குள் அவன் விஷயத்தைச் சந்தை முழுவதும் ஊதிவிட்டான். புதனன்று சபையின் சேவகன் வந்தான்: திங்களன்று நான் நேரில் ஆஜராக வேண்டும். ரோமம் அணிந்ததற்கு ஒரு குற்றச்சாட்டு, ஊரை மாற்றிச் சொன்னதற்கு ஒன்று, ஆடியதற்கு ஒன்று. கடையே போய்விடலாம். உன் அத்தை கம்பளிக் காலுறை பின்னுகிறாள், கீழே ஈரமாம். ஆனால் நான் அஞ்சவில்லை. பட்டியலைக் கிழித்தெறியக் கோரி ஒரு விண்ணப்பம் எழுதி, இருநூறு கைவினைஞர்களிடம் கையொப்பம் வாங்கிவிட்டேன். ஒருவன் காலையில் சீக்கிரம் எழுந்து ஒரு வீட்டை வளைத்துப் போட்டதற்காக அவன் பேரன்களின் பேரன்கள் நம்மை ஆள்வது என்ன நியாயம்? நீயும் கேள். ஊசி செய்பவன் மகளைக் கட்டு. பிரபுக்கள் தெருவில் நடக்காதே.

நம் ஊர்க் காவல் புனிதருக்கும் செபால்ட் என்றே பெயர் அமைந்துவிட்டதால், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் புனித லொரன்ஸிடம் உனக்காக வேண்டிக்கொள்கிறேன். கம்பளி அணி. மீனைக் குறை. உன் அத்தையின் அன்பும் இதனுடன்.

இப்படிக்கு,
மனிதருள் மனிதன் சமம் என்று நம்பும் உன் மாமன்,
எண்ட்ரஸ்

பின்குறிப்பு: கடிதம் இரண்டு நாள் மேஜையிலேயே கிடந்தது. நேற்று மாலை ஹெர் யெரோனிமஸே வீட்டுக்கு வந்தார். "அர மணி நேரம் ஒரு கடைக்காரனோட ஆடியும் எங்களுக்குத் தெரியலன்னு ஊர் பேசினா, இருநூறு வருஷமா ரத்தம் ரத்தம்னு நாங்க சொன்னது என்னாகும்? எங்க கண்ணு தப்பாது. அதனால நீங்க கடைக்காரரா இருக்க வழியே இல்ல," என்றார். ஆள் விட்டுத் தேடி, உல்மில் ஏதோ மன்னரின் குதிரையைப் பிடித்த, நம் கோல்ப் குடும்பப் பெயர் கொண்ட ஒரு பாட்டனைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். நாளை என் பெயரைப் பட்டியலில் சேர்க்கிறார்கள். மேலே எழுதியதை உடனே எரித்துவிடு. விண்ணப்பத்தை நான் அடுப்பில் போட்டுவிட்டேன், நன்றாக எரிந்தது. எனக்குப் பிறகு கதவைச் சாத்திவிட வேண்டும் என்று யெரோனிமஸிடம் சொல்லியிருக்கிறேன்; மனைவி வழியாக நுழைகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை போட்டு வைத்தேன். ஊசிக்காரன் மகள் வேண்டாம். ஒரே ஒரு வருத்தம்தான். என் பெயர் கடைசி வரியில் வருமாம். எனக்கு நேர் மேலே இருக்கும் குடும்பத்தின் பாட்டன் உப்பு விற்றவன் என்று இன்று காலைதான் விசாரித்து அறிந்தேன்.