டெல்லி ஹோட்டலின் சாவி எங்கள் வீட்டில்

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு முப்பது வருடம் அரம் பிடித்து இரும்பு ராவினேன்.

திண்டுக்கல் நாகல் நகரில் என் தாய்மாமாவுக்குப் பூட்டுப் பட்டறை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு (முடித்தேன் என்றுதான் சொல்கிறேன், தேறினேன் என்று சொல்லவில்லை) அங்கே வேலை பார்த்தேன். நாள் முழுக்க இரும்பை ராவ வேண்டும். தும்மினால் கைக்குட்டை கறுத்துப்போகும். ஐம்பதுகளின் கடைசியில் டெல்லி ஹோட்டல் ஒன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அரசாங்கமே கட்டி, அரசாங்கமே நடத்துகிற பெரிய ஹோட்டல் அது. ஏதோ உலக மாநாட்டுக்கு வருகிறவர்கள் தங்க இடமில்லை என்று அவசர அவசரமாக எழுப்பியதாம். சாமான் அறைகளுக்கு நல்ல பூட்டு வேண்டும், மாதிரி கொண்டுவந்து காட்டுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியும் மாமா, நான் போறேன்" என்றேன்.

"சரிலே, போய்ட்டு வா. ஆர்டர் கெடச்சா டெல்லியில கிளை போட்டு ஒன்னையவே உக்கார வைக்கிறேன். கெடைக்கலைன்னா அரம் எங்கயும் போயிறாது, இங்கதான் இருக்கும்."

ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. அந்த இரண்டுக்காகத்தான் போனேன்.

எங்கள் பட்டறையின் பெருமை, கவ்வுகிற பூட்டு. அதில் தப்பான சாவியை நுழைத்தால் பூட்டு அதைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் சரியான சாவியையும் நுழைக்க முடியாது. கவ்வியதை விடுவிக்கத் தனிச் சாவி உண்டு. பூட்டு விற்கும்வரை அது மாமாவின் அரைஞாணை விட்டு இறங்காது. கடைக்கு வருகிறவர்களிடம், "ஒங்க சாவி எதையாச்சும் போட்டுப் பாருங்க" என்பார். அவர்கள் போட்டுவிட்டு விழிப்பார்கள். மாமா செத்த நேரம் ரசித்துவிட்டு இடுப்புச் சாவியை எடுப்பார். பூட்டு விற்றுவிடும். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்த வசனம் மனப்பாடம்.

திண்டுக்கல்லில் ரயில் ஏறி, மெட்ராஸில் மாறி, மரப்பலகையில் நாள்கணக்காக உட்கார்ந்து டெல்லி போய்ச் சேர்ந்தேன். ஹோட்டலில் இரண்டு நாள் காக்க வைத்தார்கள். அங்கிருந்த சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். யாரும் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் முற்பகலில் ஒரு வழியாக அதிகாரி வந்தார். இடுப்பில் கொத்துச் சாவி, முகத்தில் அவசரம். வாங்குகிறவரின் கதவிலேயே பூட்டிக் காட்டுவது எங்கள் வழக்கம். சமையலறைப் பக்கம் நாதாங்கி வைத்த கதவு ஒன்றுதான் இருந்தது. மாட்டிப் பூட்டினேன். பிறகு, மாமா பாணியில் நெஞ்சை நிமிர்த்தி, என் ஆங்கிலத்தில் அந்த வசனத்தைச் சொன்னேன்: "உங்கள் சாவி எதையாவது போட்டுப் பாருங்கள் சார்."

போட்டார். பூட்டு கவ்வியது. சாவி மட்டுமா, ஹோட்டலின் மொத்தக் கொத்தும் அந்தக் கதவில் தொங்கியது.

அவர் சிரித்தார். "பலே. சரி, விடுவியுங்கள்."

நான் என் இடுப்பைத் தடவிப் பார்த்தேன்.

"அதற்கு வேறு சாவி சார்."

"எங்கே?"

"மாமாவின் இடுப்பில்."

"மாமா எங்கே?"

"திண்டுக்கல்லில்."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். கதவுக்குப் பின்னால் இருந்தது ஸ்பூனும் முள்கரண்டியும் வைக்கிற அறை. ஒரு மணிக்கு வெளிநாட்டு விருந்தாளிகளுக்குச் சாப்பாடு. ரம்பம் வந்தது, உடைந்தது. இன்னொன்று வந்தது, அதுவும் உடைந்தது, அடுத்தடுத்து வந்தவையும் உடைந்தன. நான் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது, ஆனால் மூன்று நாள் அலுப்பில் கால் வரவில்லை. ஒரு மணிக்கு விருந்தாளிகள் சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் கோழியைக் கையாலேயே சாப்பிட்டுவிட்டு இன்னொரு துண்டு கேட்டதாகச் சமையல்காரர் வந்து சொன்னார். அதிகாரிக்கு அது ஆறுதலாக இல்லை.

கடைசியில் நாதாங்கியை மரத்தோடு பெயர்த்தார்கள். கொத்தின் வளையத்தை வெட்டி மற்ற சாவிகளை மீட்டார்கள். பூட்டு மட்டும் ஒரு சாவியைக் கவ்வியபடி என் கைக்கு வந்தது.

"எங்களுக்கு வேண்டியது நாங்கள் திறக்கக்கூடிய பூட்டு" என்றார் அதிகாரி. "அந்தச் சாவியை விடுவித்துத் தபாலில் அனுப்புங்கள்."

ஊர் வந்து எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னேன். அடி விழும் என்று இரண்டடி தள்ளியே நின்றேன்.

"ரம்பம் எத்தன ஒடஞ்சுச்சு?"

"நாலு மாமா."

"பூட்டு?"

"கீறல்கூட இல்ல."

மாமாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நாகல் நகரிலிருந்து சேவுகம்பட்டி வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். டெல்லிக் கிளையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை என் அரம் வைத்த இடத்திலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாவியை விடுவித்தார், ஆனால் அனுப்பவில்லை. "அம்புட்டு வேணும்னா வந்து வாங்கிக்கிறட்டும்" என்றார். யாரும் வரவில்லை. அறை எண் பொறித்த பித்தளை வில்லையோடு அது இன்றும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

வெஞ்சனத்தில் உப்பு குறைவு என்று நான் முகம் சுளித்தால் போதும், என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே சொல்வாள்.

"இங்க பிடிக்கலைன்னா டெல்லி ஓட்டலுக்குப் போங்க. ரூம் சாவிதான் இருக்குல்ல."

பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் குனிந்து சாப்பிட்டுவிடுவேன். ஸ்பூன் கேட்பதில்லை.