ஏரியைப் பார்த்துக் குடித்தவன்

வைன் கிளாஸைப் பிடித்துச் சரியாகச் சுழற்றத் தெரிந்தவனுக்குத்தான் சூப்பர்வைசர் பதவி கொடுப்பார்கள் என்று நான் நம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில், முழு நினைவோடு, ஒருவரும் வற்புறுத்தாமல் நம்பினேன். இந்த வயதில் சிலர் சாமியார்களை நம்பிக் கெட்டுப்போவார்கள். அவர்களுக்குத் திருநீறாவது மிஞ்சும்.

மொன்றியலில், டோர்வல் விமான நிலையத்தை ஒட்டி, விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கி அனுப்பும் கூடம் ஒன்றில் எனக்குப் பத்தொன்பது வருட வேலை. என் பகுதி குளிர் அறை. கோடையோ மாரியோ, உள்ளே நாலு பாகைதான். வெளியே மைனஸ் இருபத்தைந்து அடிக்கும் நாட்களில், சூடு காயத்தான் வேலைக்கு வருகிறோம் என்று பகிடி விடுவோம். (முதல் இரண்டு வருடம் சிரித்தோம்.) பத்தொன்பது வருடத்தில் அந்தக் குளிர் என் விரல்களுக்குள் குடியேறி, நிரந்தர வதிவிட உரிமையும் எடுத்துவிட்டது. காலையில் சட்டைப் பொத்தானைப் பூட்ட என் மனைவி வதனி வரவேண்டும். குளிர் அறைக்கு வெளியே ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. அதற்குள் ஒரு கதிரை, ஒரு ஹீற்றர், ஒரு சூப்பர்வைசர். அந்தச் சூப்பர்வைசர் வேலையில் இருந்து இளைப்பாறப் போகிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு அந்தக் கதிரையைத் தவிர வேறு நினைப்பில்லை.

போட்டிக்கு இருந்தவள் ஜோஸே. வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம்தான். நல்ல பெண். (அதுதான் எரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி.)

இந்த நிலையில்தான் எங்கள் மனேஜர் பெர்னார் என்னிடம் வந்தார். என் மருமகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் மனேஜர் மனேஜர்தானே. மற்றவர்கள் எல்லோரும் அவரைப் பிரெஞ்சில் 'நீ' என்று கூப்பிட, நான் ஒருவன் மட்டும் ஆறு வருடமாக 'நீங்கள்' போட்டே கதைத்து வந்தேன். வருகிற சனிக்கிழமை எட்டுப் பேர் கம்பனி வான் வண்டியில் ஏரிக்கரைக்குப் போகிறோம், அங்கே மூன்று சின்ன வைன் தோட்டங்கள், மூன்றிலும் சுவைத்துப் பார்ப்பதுதான் வேலை, நீ கட்டாயம் வரவேண்டும் என்றார். இது வருடா வருடம் நடக்கிற பயணம். என்னை ஒருநாளும் கேட்டதில்லை. நாலடி போனவர் திரும்பி, லைசன்ஸ் கைவசம் இருக்கிறதுதானே என்று வேறு கேட்டார்.

சூப்பர்வைசருக்குக் கம்பனிக் கார் கொடுப்பார்கள். எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. இது சுற்றுலா அல்ல, நேர்முகத் தேர்வு.

குகன் அண்ணையிடம் ஓடினேன். பணக்காரர்கள் இருக்கும் கர்க்லாண்டில் வீடு வாங்கிய நாளிலிருந்து அவர் வைன் மட்டுமே குடிப்பவர். (அதற்கு முந்திய குகன் அண்ணை எதையும் எதனோடும் கலந்து குடித்த மனிதர்.) தன்னுடைய பேஸ்மென்றில் இருத்தி இரண்டு பின்னேரம் பாடம் எடுத்தார்.

"உது தேத்தண்ணி இல்லை, மடக்கெண்டு விழுங்க. சுழட்டு. மண. கண்ணை மூடு. பேந்து ஒரு பழத்தின்ர பேரைச் சொல்லு."

"என்ன பழம் அண்ணை?"

"எந்தப் பழமெண்டாலும் சொல்லு. ஒருத்தனும் இல்லையெண்டு சொல்லமாட்டான்."

வைனைப் பற்றி நான் இன்றுவரை கேட்ட ஒரே உண்மை அது.

வதனிக்குப் பயணம் பிடிக்கவில்லை. அன்று புரட்டாதிச் சனி. கோயிலுக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள் எரிக்கிற நாள். "நான் எள் எரிக்கிறதே அவர் உங்களை விட்டுட்டுப் போகட்டும் எண்டுதான்," என்றாள். "நீங்கள் ஏரிக்கரை வரைக்கும் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வரப் போறியள்."

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் குடிக்கிறவன். பெருங்குடிகாரன் இல்லை, குகன் அண்ணை வீட்டில் எப்போதாவது, அளவாக. ஆனால் வேலையிடத்தில் நான் குடிக்காதவன். ஒவ்வொரு மார்கழியும் வருகிற நத்தார் விருந்திலும் பெர்னார் போத்திலோடு வருவார். நான் கிளாஸைக் கையால் மூடிக்கொண்டு, நான் குடிப்பதில்லை என்பேன். எங்கள் முறை அப்படி. அப்பாவுக்கு முன்னால், மாமனாருக்கு முன்னால், தலைமை வாத்தியாருக்கு முன்னால் குடிப்பதில்லை. குடிக்கிறான் என்று அவர்களுக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும். அப்படி இருந்தும் மறைப்பதுதான் மரியாதை. இந்த ஏற்பாட்டில் பெர்னாரும் ஒரு பங்காளி என்று நான் ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால், தேர்வில் தேற மனேஜருக்கு முன்னால் குடிக்க வேண்டும். மரியாதையைக் காப்பாற்ற மனேஜருக்கு முன்னால் குடிக்கக் கூடாது. மூன்று நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சுழற்றுவது, மணப்பது, பழம் சொல்வது எல்லாம் அவர் பார்க்க. விழுங்குவது மட்டும் மறுபக்கம் திரும்பி நின்று. (இந்த மூளையைத்தான் பத்தொன்பது வருடம் குளிரில் வைத்துப் பாதுகாத்தேன்.)

சனிக்கிழமை பெர்னாரே வானை ஓட்டிப் போனார். ஒன்றரை மணித்தியாலம். பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாத ஒரு ஏரி. சரிவு முழுக்கத் திராட்சை. முதல் தோட்டம் ஒரு இளம் தம்பதியுடையது. மாட்டுக் கொட்டிலைத் திருத்திச் சுவைக்கும் கூடமாக்கியிருந்தார்கள். அந்தப் பெண் தன் கையாலேயே எல்லோருக்கும் ஊற்றித் தந்தாள். எங்கள் ஆட்கள் ஒரு வாய் எடுத்தார்கள், கொப்பளித்தார்கள், மேசையில் இருந்த தகர வாளிக்குள் துப்பினார்கள்.

எனக்கு உடம்பு கூசிவிட்டது. வீட்டுக்காரி ஊற்றித் தந்ததை அவள் கண்முன்னால் துப்புவதா? உப்பில்லாத கறியைக்கூட இன்னொரு அகப்பை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். சுழற்றினேன். மணந்தேன். "பேரிக்காய்," என்றேன். அந்தப் பெண் தலையாட்டினாள். குகன் அண்ணை வாழ்க. பிறகு மெல்லத் திறந்த வாசல் பக்கம் திரும்பி, ஏரியின் அழகில் மயங்கியவன் போல நின்று, கிளாஸை ஒரே மடக்கில் காலிசெய்தேன். பெர்னாருக்கு என் முதுகு மட்டும்தான் தெரிந்தது. வைனை மணந்துவிட்டு, குடிக்காதவன் என்பதால் புல்லில் ஊற்றுகிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். என்ன பண்பான மனிதன் என்றும் நினைத்தாராம். நாலு வகை வைன், நாலு தரம் ஏரி.

இரண்டாவது தோட்டத்தில் ஒரு கிழவரும் ஒரு நாயும். அங்கே ஐந்து வகை. எனக்குப் பிரெஞ்சில் தெரிந்த பழங்கள் இரண்டாம் கிளாஸோடு முடிந்துவிட்டன. மூன்றாவதற்குத் தொழிலில் இருந்து எடுத்து விட்டேன். "மூன்று மணித்தியாலம் பிந்தின விமானத்தில, மூடியைத் திறந்த பழக் கோப்பை மணம்." கிழவர் தானும் ஒருதரம் மணந்து பார்த்துவிட்டு, அந்த வருடம் மழை கூட, உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். பெர்னார் சின்னக் கொப்பியில் ஏதோ குறித்தார். புள்ளி போடுகிறார் என்று நிமிர்ந்து நின்றேன். (மத்தியானச் சாப்பாட்டுக்கு யார் யாருக்கு என்ன என்று எழுதியிருக்கிறார்.)

மூன்றாவது தோட்டக்காரி றப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு பெரிய மனுசி. கடைசியாக அவர் கொண்டுவந்தது ஐஸ் வைன். பழத்தைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டு, மார்கழிக் குளிரில் கல்லாக உறைந்த பிறகு பிழிவதாம். தேன் மாதிரி இனிப்பு. குளிரில் நின்றே பதமான ஒரு சீவனை அன்றுதான் முதன்முதலில் சந்தித்தேன். கண் கலங்கிவிட்டது. பெர்னார் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து இரண்டாம் தரம் ஊற்றச் சொன்னேன். மூன்றாம் தரம் அவராகவே ஊற்றினார். நான் சுழற்றாமலே ஏரி சுழன்றது.

தேர்வில் தேறிவிட்டேன் என்று முடிவாகத் தெரிந்தது. தோற்றவர்களிடம் பெருந்தன்மையாக நடக்க வேண்டும் அல்லவா. ஜோஸேயின் பக்கத்தில் போய், மனதைத் தளரவிடாதே, கண்ணாடி அறையின் கதவு உனக்கு எப்போதும் திறந்திருக்கும் என்று வாக்குறுதி கொடுத்தேன். அவள் மெர்சி என்று நன்றி சொன்னாள்.

பொழுது சாயும் நேரம் எல்லோரும் வானடிக்கு வந்தோம். பெர்னார் சாவியை என்னை நோக்கி எறிந்தார். "சரி சிவா, இனி உன்ர வேலை."

சாவி என் நெஞ்சில் பட்டுச் சல்லிக்கல்லில் விழுந்தது. பிடிப்பதற்கு நான் எடுத்த முயற்சி, அது விழுந்து கொஞ்சம் கழித்துத்தான் தொடங்கியது. என்ன வேலை என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். ஒவ்வொரு வருடமும் திரும்பி ஓட்டுவதற்கு யாராவது ஒருவர் குடிக்காமல் இருந்து காய வேண்டியிருக்கிறது. இந்த வருடம்தான் நல்ல யோசனை வந்தது. சிவா குடிக்கிறதில்லையே.

பயத்தில் என் வாய் தன்பாட்டுக்கு ஓடத் தொடங்கியது. முதலில் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்றேன். அது மூக்கில் இருந்தது. பிறகு முழங்கால் என்றேன். கடைசியில், இன்று எங்களுக்குப் புனிதமான சனிக்கிழமை, பொழுது பட்ட பிறகு வாகனம் ஓட்டுவது எங்கள் சமயத்தில் பெரும் பாவம் என்றேன். சைவம் தோன்றிய நாள் முதல் இல்லாத அந்த விதியை நான் ஒரு ஏரிக்கரையில், நாலு விநாடியில் இயற்றினேன். பெர்னாரின் முகம் உருகிவிட்டது. முன்பே கேட்காததற்கு மன்னிப்புக் கேட்டார். மற்றவர்கள் தலை குனிந்து நின்றார்கள். அந்த இடத்தில் அசையாமல் நின்றிருந்தால் தப்பியிருப்பேன்.

ஆனால் சாவி நிலத்தில் கிடந்தது. மனேஜர் அதை எடுக்கக் குனிந்தார். மனேஜரைக் குனியவிட்டு நிமிர்ந்து நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை. பாய்ந்து குனிந்தேன். குனிந்தது சரியாக வந்தது. நிமிர்வதுதான் வரவில்லை.

கைகொடுத்துத் தூக்கியவரின் முகத்துக்கு நேரே என் மூச்சுப் போயிற்று.

"சிவா, நீ குடிச்சிருக்கிறியா?"

நான் வாய் திறக்கு முன் றப்பர் சப்பாத்துக்காரி முந்திக்கொண்டார். வஞ்சகமே இல்லாத பெருமிதம். "இவர்தானே இண்டைக்கு ஒரு சொட்டும் துப்பாத ஆள்."

பெர்னார் என்னைப் பார்த்தார். "ஆறு வருசமாக் குடிக்கிறேல்லை எண்டு சொன்னியே."

"உங்களுக்கு முன்னால குடிக்கிறேல்லை," என்றேன். "அது மரியாதை."

"எனக்குப் பொய் சொல்றது மரியாதையா?"

என்னுடைய பிரெஞ்சில் அதற்குப் பதில் இருக்கவில்லை. தமிழில் தேடிப் பார்த்தேன். அப்படி நேரே கேட்டால் அங்கேயும் இல்லை.

துப்பியவர்கள்கூட மத்தியானச் சாப்பாட்டோடு நன்றாகக் குடித்திருந்தார்கள். வான் ஓட்ட ஒருவரும் லாயக்கில்லை. அந்தக் காட்டில் எட்டுப் பேருக்கு வாடகைக் கார் ஏது? மகளுக்குப் போன் அடித்தேன். வதனியும் மகள் அபியும் வந்துசேரும் வரை, ஏரிக்கரை வாங்குப் பலகைகளில் விறைத்துப்போய் இருந்தோம். ஜோஸே தன்னுடைய சால்வையைக் கழற்றி என் கழுத்தில் சுற்றிவிட்டாள். அதைவிட அவள் இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

வதனி கோயிலில் இருந்து நேரே வந்திருந்தாள். நெற்றியில் திருநீறு, உடுப்பில் எள்ளெண்ணெய் மணம். அபி வான் சாவியை வாங்கினாள். ஐந்து நிமிடத்தில் வானுக்குள் எல்லோரும் அவளோடு பிரெஞ்சில் சிரிப்பது, பின்னால் எங்கள் காருக்குள் இருந்த எனக்குத் தெரிந்தது. வதனி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் பயணம் சுருங்கியிருக்கும். மொன்றியல் பாலம் ஏறும்போது ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"அந்த வேலை கிடைக்குமாப்பா?"

"ஓம், கிடைக்கும்," என்றேன்.

திங்கட்கிழமை பெர்னார் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, அந்தக் கதிரையில் இருக்கச் சொன்னார். நான் அதில் இருந்தது அந்த ஒரு தரம்தான். நல்ல கதிரை. குடித்ததைப் பற்றித் தனக்குக் கோபமே இல்லை என்றார். "குளிர்பெட்டி பழுதாய்ப் போனா, எனக்குப் பிடிக்காட்டிலும் வந்து சொல்ற ஆள்தான் இங்க வேணும், சிவா. மரியாதைக்கு மறைக்கிற ஆள் இல்லை." நான் எழுந்து நின்று, நீங்கள் சொல்வது சரி என்றேன்.

இப்போது வீட்டில் நான் தண்ணீர்க் கிளாஸைத் தூக்கினாலும் அபி, "அப்பா, ஏரி அந்தப் பக்கம்," என்பாள். குகன் அண்ணை கலியாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது நான் ஏரிக்குள்ளேயே விழுந்துவிடுகிறேன். போன தைமாதம் சொன்னபோது நாயும் கூடக் குதித்துக் காப்பாற்றியது. நானும் சிரிக்கிறேன். வதனி மட்டும் அந்த நேரம் பார்த்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நடந்தது என்ன என்று பிறகு ஜோஸேதான் எனக்குச் சொன்னாள். அந்தச் சனிக்கிழமை தேர்வு எதுவும் இருக்கவில்லை. சூப்பர்வைசர் பதவிக்கு வெள்ளிக்கிழமையே என் பெயரை எழுதியிருந்தார்கள். திங்கட்கிழமை அதை வெட்டிவிட்டு அவளுடைய பெயரை எழுதினார்கள்.