பதினேழு கழிப்பறைகளின் முகவரி

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

நலம் விசாரிப்பது கடித மரபு என்பதால் விசாரிக்கிறேன். தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். தங்கள் வீட்டு அழைப்பு மணியை முன்பின் தெரியாதவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுத்துவதில்லை. தங்கள் அக்கா நலம். நான் நலமில்லை.

அரசின் திறந்த தரவுத் தளம் எத்தனை தரமானது, மக்களுக்கு எந்த அளவு பயன்படுகிறது என்று மதிப்பிட்டு வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை தருமாறு, புள்ளியியல் பேராசிரியன் என்ற முறையில் என்னைக் கேட்டிருப்பது தாங்கள் அறிந்ததே. அத்தளத்தில் நகரப் பொதுக் கழிப்பறைப் பட்டியலை நிரப்பியவர் தாங்கள் என்பதை நான் அறிந்த விதம்தான் சற்று வேறு. திங்கட்கிழமை அந்தப் பட்டியலைத் திறந்து, நாற்பத்திரண்டு வரிகளிலும் ஒரு கட்டம்கூடக் காலியில்லை என்று கண்டு, "முழுமை: நூற்றுக்கு நூறு" என்று எழுதிப் பேனாவை மூடுவதற்குள் மணி அடித்தது, வாசலில் ஒரு லாரி ஓட்டுநர், "சார், இங்கதான்னு போன் காட்டுது, ஆம்பளைங்களுக்கு எந்தப் பக்கம்?" என்றார், இது குடியிருக்கும் வீடு என்று நான் விளக்கத் தொடங்க, "விளக்கம் அப்புறம் குடுங்க சார், தாங்காது" என்று அவர் நெளிய, உள்ளிருந்து தங்கள் அக்கா, "அவரை வாசல்ல நிக்க வெச்சு என்ன ஆராய்ச்சி? வழி விடுங்க!" என்று என்னையே நகர்த்திவிட்டாள், செவ்வாய்க்கிழமை ஓர் ஆசிரியை வந்தார், அவர் பின்னால் இரண்டிரண்டு பேராக இருபத்தாறு குழந்தைகள் வந்தார்கள், புதன்கிழமை வந்தவர் சோப்பு தீர்ந்துவிட்டதென்று புகார் எழுதி நீட்டி, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் கேட்டார். போட்டேன்.

பிறகு பட்டியலின் முகவரிகளைப் படித்தேன். பதினேழு கழிப்பறைகளுக்கு என் வீட்டு முகவரி, ஊரார் போன்களில் தெரிவதும் இதே பட்டியல்தான். தொலைபேசியில் கேட்டபோது, "அத்தான், கட்டத்தைக் காலியா விட்டா சேவ் ஆக மாட்டேங்குது. எனக்கு மனப்பாடமா வந்தது அக்கா வீட்டு அட்ரஸ்தான்" என்றீர்கள். சொந்த வீட்டு முகவரி மறந்துவிட்டதா என்றேன். "அதெப்படி அத்தான், ஆளுங்க வந்துட மாட்டாங்களா?" என்று கேட்டியே, அந்த ஒரு வார்த்தைக்காகவே உன்னை... மன்னிக்கவும். தங்களை.

ஆகவே என் முடிவு இது, மாறாது. துல்லியம் என்ற தலைப்பின்கீழ் பூஜ்யம் இடுவேன். தங்கள் பதவி உயர்வு அந்த மதிப்பெண்ணை நம்பியிருப்பதைத் தங்கள் அக்கா மூன்று வேளையும் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறுகிறாள், சாப்பிடுகிறேன், அசையவில்லை. வியாழன் மாலைக்குள் பதினேழு வரிகளும் நீங்க வேண்டும். நீங்காவிட்டால், பிழைக்குப் பொறுப்பானவர் என்ற கட்டத்தில் தங்கள் பெயர் ஏறும். அந்தக் கட்டத்தையும் காலியாக விட முடியாது.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். மகளுக்கு ஆசிகள், வேலையில் அவள் அப்பாவைப் பின்பற்றாமல் நெடுங்காலம் சிறப்பாக வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அக்காள் கணவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குமுன், முறைப்படி மற்ற இருபத்தைந்து முகவரிகளுக்கும் நேரில் போய்வந்தேன். பதினெட்டு பூட்டிக் கிடந்தன. ஆறு இடங்களில் கட்டடமே இல்லை. ஒன்று திறந்திருந்தது, தண்ணீர் இல்லை. திரும்பி வந்தால் நம் வீட்டு வாசலில் பேருந்து நடத்துநராக இருக்கும் ஓர் அம்மா. முகவரியை நீக்கச் சொல்லப்போகிறேன் என்றேன். "எடுத்துடாதீங்க சார். ஆறு வருஷமா ஷிஃப்ட் முடியற வரைக்கும் நான் தண்ணியே குடிச்சதில்ல. இந்த வாரம்தான் குடிக்கிறேன்" என்றார். எனக்கும் அவசரம்தான், அவரை முதலில் போகச் சொன்னேன். பதினாறு வரிகளை நீக்கு. பதினேழாவது இருக்கட்டும், "தண்ணீர் உண்டு" என்று சேர்த்துவிடு. பூஜ்யம் இனிச் செல்லாது. துல்லியம், நாற்பத்திரண்டுக்கு ஒன்று.