ஒரு தட்டு ஃப்ரைஸும் பதினான்கு பாத்திரமும்

தினமும் சமைப்பவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவரைப் பற்றி யார்தான் சொல்கிறார்கள்? நான் சொல்ல வந்தது "இன்னிக்கு நான் சமைக்கிறேன்" என்கிற ஜாதியைப் பற்றி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோபாவிலிருந்து எழுந்து, இடுப்பில் கைவைத்து, பதவிப் பிரமாணம் எடுப்பவர் போல அறிவிப்பாரே, அவர். நமக்குக் கிடைத்த உருப்படி ஒரு பைப் கம்பெனியில் உதவி மேலாளர்.

அன்றைய அறிவிப்பு: லோடட் ஃப்ரைஸ். உருளைக்கிழங்கைப் பொரித்து, மேலே சீஸைக் கொட்டி, அதன் மேல் சுடச்சுடக் கிரேவியை ஊற்றுவது. மனைவி மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு மணிக்கு டியூட்டி, ஒன்றே முக்காலுக்குக் கிளம்பியாக வேண்டும், இரவு பத்து வரை உட்கார நேரம் கிடைக்காது.

"ஒன்னரைக்குச் சாப்பாடு கையில வந்துடுமாங்க? இல்லன்னா நானே ஏதாவது பண்ணி வெச்சுடறேன்."

"ஒரு மணிக்கே வந்துடும். நீ அடுப்படிப் பக்கமே வரக் கூடாது. இன்னிக்கு உனக்கு ரெஸ்ட்டு!"

அந்த வீடியோவை அவர் ஒன்பது தடவை பார்த்திருந்தார். மூன்று வகை சீஸ், ஒரு புதுத் துருவி, மார்பில் 'செஃப்' என்று எழுதிய ஏப்ரன் எல்லாம் முந்தைய நாளே வந்து இறங்கிவிட்டன. பத்து மணிக்குக் கிழங்கு சீவ ஆரம்பித்தவர், ஒவ்வொரு துண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டுமென்று மகளின் ஸ்கேலை வாங்கி அளந்து, நீளம் குறைந்ததையெல்லாம் ஒதுக்கி, மிச்சத்தை ஐஸ் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, துணியில் ஒற்றி, ஒரு தடவை பொரித்து, ஆறவைத்து, மறுபடி பொரிக்க எண்ணெயைக் காயவைத்தபோது மணி பன்னிரண்டரை. தொட்டியில் பாத்திரம் பதினான்கு.

அடுப்படிப் பக்கம் வரக் கூடாது என்றாரா? வரவில்லை. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

"ஏம்மா, மிளகுத்தூள் எங்க?"

"உங்க கண்ணு முன்னாடிதாங்க."

"ஏம்மா, இந்த அடுப்புல பெரிய பர்னர் எது?"

சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே மனைவி பதில் சொன்னாள். ரெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தாள் அல்லவா!

வெண்ணெயில் வெங்காயம் வதங்கி, காளான் வேகவைத்த தண்ணீர் கொதித்து, கிரேவி கெட்டியாக வேண்டிய கட்டம் வந்தது. வீட்டின் தலையெழுத்து மாறிய கட்டமும் அதுதான்.

"ஏம்மா, சோள மாவு?"

"மேல் தட்டுல, நீல மூடி."

"ரெண்டு நீல மூடி இருக்கே?"

"இருங்க, நான் வந்து எடுத்துத் தரேன்."

"வேணாம், வேணாம்! நான் பாத்துக்கறேன்."

இந்த 'நான் பாத்துக்கறேன்' என்பதுதான் இந்த ஜாதியின் தேசிய கீதம். பார்த்தார். இரண்டிலும் வெள்ளைப் பொடி. முன்னால் இருந்ததை எடுத்து ஒரு கரண்டி போட்டார். கெட்டியாகவில்லை. ஆகாவிட்டால் இன்னொரு கரண்டி என்றது வீடியோ. போட்டார். ஐந்தாவது கரண்டியில் கிரேவி பளபளவென்று மின்ன ஆரம்பித்தது. அட, என்ன மெருகு! ருசி பார்க்க வேண்டாமா? வீடியோவில் அப்படி யாரும் சொல்லவில்லையே.

ஒன்று இருபதுக்கு மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "பொரிச்சதையாவது ஒரு தட்டுல போட்டுக் கொடுங்களேன். பசிக்குது."

"வெறும் ஃப்ரைஸா? அதுக்கா நான் காலையிலேருந்து நிக்கறேன்? அஞ்சே நிமிஷம்!"

தட்டு தயாரானதும் சாப்பிட முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. போட்டோ! கல்லூரியில் படிக்கும் மகள் நாற்காலி மேல் ஏறி நின்று போனைப் பிடிக்க, இவர் முள்கரண்டியால் சீஸை இழுக்க, சீஸ் நூல் பாதியில் அறுந்தது. மறுபடி. ஆவி தெரியவில்லை. மறுபடி. ஏப்ரன் எழுத்து படத்தில் விழவில்லை. ஏழாவது தடவை அமைந்தபோது மணி ஒன்று நாற்பது. மனைவி தோளில் பையோடு நின்றபடியே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். பிறகு மெல்லுவதை நிறுத்தினாள்.

"என்னங்க, இது இனிக்குது."

"இனிக்கத்தான் செய்யும். அது அந்த ஸ்டைல்."

மகள் உள்ளே போய் டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததைத் தொட்டு நக்கிப் பார்த்தாள். "அப்பா! கேக்குக்கு வாங்கின ஐசிங் சுகரை முழுசாக் கொட்டியிருக்கீங்க!"

மனைவி திட்டியிருந்தால் அவர் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பார். அவள் திட்டவில்லை. மேசை மேலிருந்த இரண்டு வாழைப்பழத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"பத்து மணி வரைக்கும் நிக்கணுங்க," என்றாள். அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது.

பொய் சொல்லக் கூடாது, அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். பால்கனிக்கு ஓடிப் பார்த்தார். தெருமுனையில் பஸ்ஸுக்காக ஓடிக்கொண்டிருந்தாள். சே, ஒரு பிடி ஃப்ரைஸைத் தனியாகக் கொடுத்திருக்கலாமே என்று தன்னைத்தானே நொந்துகொண்டார். நொந்துகொண்டே சோபாவில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் போனை எடுத்தார். எடுத்தால், அந்த ஏழாவது படம், அடடா, நூல் எப்படி இழுபடுகிறது!

'ஞாயிறு ஸ்பெஷல், மனைவிக்காக' என்று எழுதிப் போட்டார். பத்து நிமிடத்தில் அறுபத்து மூன்று இதயம். 'உங்க வீட்டம்மா கொடுத்து வெச்சவங்க சார்' என்று எழுதியிருந்தார் கணக்குப் பிரிவு நண்பர். நம்மவர் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டார். கொடுத்து வைத்தவர் அந்த நேரம் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லால் வாழைப்பழத்தோலை உரித்துக்கொண்டிருந்தார்.

நீங்களும் அந்தப் படத்துக்கு ஒரு இதயம் போட்டீர்கள், எனக்குத் தெரியும். போட்டதில் தப்பில்லை. போட்ட கையோடு, 'இது என்ன பெரிய வித்தை, அடுத்த ஞாயிறு நாமே பண்ணிட்டா என்ன?' என்று ஒரு எண்ணம் வந்ததே, அதைத்தான் உங்கள் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொல்கிறேன். பாவம், அவர்கள் முதலில் சாப்பிட்டுக்கொள்ளட்டும்.