கான்வாயைத் தொலைத்த கடல்பசு

ஒரு காட்டில் சண்டை போட இடம் போதவில்லை. அதனால் அந்தக் காட்டின் ராஜாவான சிங்கம், பெருங்கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தீவில் போய்ச் சண்டை போடுவதென்று முடிவு செய்தது. தீவை ஆண்ட புலி, தன் மகளின் கல்யாண அழைப்பிதழில் சிங்கத்தின் பெயரை மூன்றாவது வரியில், அதுவும் கழுதைப்புலிக்குக் கீழே போட்டுவிட்டதுதான் காரணம்.

படைக்கு ஆள் சேர்ப்பது சுலபமாக முடிந்தது. ஆடு, முயல், குரங்கு, பன்றி என்று ஆயிரத்து நூற்று நாற்பது பேர் கடற்கரையில் வரிசையில் நின்றார்கள். கடலைத் தாண்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. புலியின் கட்சியைச் சேர்ந்த சுறாக்கள் நடுக்கடலில் ஒளிந்திருந்து தாக்கும் என்று பேச்சு. ஆகவே படையைச் சுமந்து போகிறவர்கள் தனித்தனியாகப் போகக் கூடாது, கூட்டமாகத்தான் போக வேண்டும், சுற்றிலும் டால்பின்கள் காவல் வர வேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்தக் கூட்டத்துக்குக் கான்வாய் என்று பெயர். சுமப்பதற்குப் பதினொரு திமிங்கலங்கள் கிடைத்தன. பன்னிரண்டாவதாகக் கிடைத்தவள் சீதேவி.

சீதேவி திமிங்கலம் இல்லை. கடல்பசு. ஆழமில்லாத தண்ணீரில் கடல்புல் மேய்ந்துகொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்தவள். ஒரு நாள் காலையில் நண்டு ஒன்று படிவத்தோடு வந்து மூன்று கேள்விகள் கேட்டது. மூச்சு விடத் தண்ணீருக்கு மேலே வருவீர்களா? குட்டிக்குப் பால் கொடுப்பீர்களா? முதுகு அகலமா? சீதேவி யோசித்துப் பார்த்து மூன்றுக்கும் ஆமாம் என்றாள். அப்படியானால் நீங்கள் திமிங்கலம் என்று எழுதிக்கொண்டு நண்டு பக்கவாட்டில் போய்விட்டது. என்ன வேகத்தில் நீந்துவாள் என்று கேட்கப் படிவத்தில் இடமே இல்லை.

திமிங்கலங்களின் முதுகில் ஆளுக்கு நூறு பேர் ஏறினார்கள். சீதேவியின் முதுகில் நாற்பது ஆடுகளுக்குத்தான் இடமிருந்தது. அவற்றுக்குத் தலைவன் ஹவில்தார் கொம்பையா. வயதான கிடா, கொஞ்சம் பயந்த சுபாவம். கடலில் விழுந்தால் மிதப்பதற்காக ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு சுரைக்குடுக்கை கட்ட வேண்டும் என்பது விதி. காய்ந்த குடுக்கை கையிருப்பில் இல்லாததால் பச்சைச் சுரைக்காயாகக் கட்டிவிட்டார்கள். கரை மறைவதற்குள் ஆடுகள் தங்கள் பாதுகாப்பைத் தின்று முடித்துவிட்டன.

காவல் படைக்குத் தலைவன் அதிவீரன் என்ற டால்பின். கடலில் ஒருவரையும் பறிகொடுக்காத தளபதி என்று அவனுக்குப் பெயர். இது அவனுடைய முதல் பயணம் என்பதால் அந்தப் பெயரில் பொய் எதுவும் இல்லை. சுறாக்கள் குறி வைக்க முடியாதபடி கான்வாய் நேராகப் போகாமல், இத்தனை வால்வீச்சுக்கு ஒரு முறை இடப்பக்கமும் இத்தனை வால்வீச்சுக்கு ஒரு முறை வலப்பக்கமும் திரும்பித் திரும்பிப் போக வேண்டும். அந்தக் கணக்கைத் தலைமையகத்தில் போட்டு, ஒரு சிப்பிக்குள் வைத்து மூடி, அவனிடம் கொடுத்திருந்தார்கள்.

கான்வாய்க்கு இன்னொரு விதியும் உண்டு. கூட்டத்தில் யார் மெதுவோ அவருடைய வேகத்தில்தான் எல்லோரும் போக வேண்டும். முதல் நாள் சாயங்காலமே அந்த வேகம் எது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. திமிங்கலங்கள் பாதித் தூக்கத்தில் நீந்தின. டால்பின்கள் பொழுதுபோகாமல் குதித்துக் குதித்து அதிவீரனிடம் திட்டு வாங்கின. போதாததற்கு, வழியில் கடல்புல் முளைத்த மணல்திட்டு ஏதாவது வந்தால் சீதேவி அரை நாள் நின்று புல் மேய்ந்தாள். மேயாவிட்டால் அவளால் நீந்த முடியாது. அவள் மேயும்போது ஆயிரத்து நூறு பேரும் பதினொரு திமிங்கலங்களும் இருபது டால்பின்களும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படி எல்லோரும் பார்க்கச் சாப்பிடுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வேகமாக மென்றாள். வயிறு வலித்தது.

மூன்றாவது வாரம் அதிவீரன் அவள் பக்கத்தில் வந்து நீந்தினான். அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக மரியாதையாகப் பேசினான். அவளுடைய சேவையை ராஜா மறக்கமாட்டார் என்றான். இவ்வளவு மெதுவாகப் போனால் போர் முடிந்துவிடும், பிறகு படை எதற்கு என்று கேட்டான். கடைசியில் விஷயத்துக்கு வந்தான்.

"நாளைக் காலையில நாங்க முன்னாடி போறோம்மா. நீங்க நிதானமா வாங்க."

சீதேவி நீந்துவதை நிறுத்தினாள். பிறகு கேட்டாள்: "சுறா வந்தா?"

"வேகமாப் போறதுதான் பாதுகாப்பு."

"அது எனக்குத் தெரியும் தம்பி. என்னால முடியாதே."

அதிவீரன் வணக்கம் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டான். மறுநாள் காலை கான்வாய் அவளைத் தாண்டிப் போயிற்று. திமிங்கலங்களில் ஒன்று மட்டும் திரும்பிப் பார்த்தது. ஆடுகள் கடைசி டால்பினின் முதுகு மறையும்வரை பார்த்துவிட்டு, ஒரே நேரத்தில் கொம்பையாவைப் பார்த்தன. கொம்பையா வானத்தைப் பார்த்தான்.

அன்று முழுக்க சீதேவிக்கு அழுகையும் கோபமும் மாறி மாறி வந்தன. சாயங்காலம் ஒரு திட்டு வந்தது. நின்று, யாரும் பார்க்காமல், வயிறார மேய்ந்தாள். அதன்பிறகு மனசு கொஞ்சம் லேசாயிற்று. வளைந்து திரும்பச் சொல்ல ஆள் இல்லாததால் மறுநாளிலிருந்து நேராகப் போக ஆரம்பித்தாள்.

ஐந்தாம் நாள் நடுப்பகலில் சுறா வந்தது.

நீளமான, சாம்பல் நிறச் சுறா. மூன்று வாரமாக அதே இடத்தில் காத்துக் கிடந்ததில் அதன் முகம் வாடியிருந்தது. ஆடுகள் சீதேவியின் முதுகில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கடல்பாசி போல இருக்க முயற்சி செய்தன. சுறா ஒரு முறை சுற்றி வந்து, அவளுக்கு நேர் எதிரே நின்றது.

"நீங்க கான்வாயா?" என்று கேட்டது.

சீதேவி பொய் சொல்லிப் பழகாதவள். "இருந்தேன்," என்றாள்.

கான்வாயைத் தவிர வேறெதையும் தாக்கக் கூடாது என்பது தனக்குக் கொடுத்த உத்தரவு என்று சுறா விளக்கியது. கான்வாய் என்றால் குறைந்தது மூன்று பேராவது வேண்டும், சுற்றிக் காவலும் இருக்க வேண்டும். தாக்கியபின் எழுதும் அறிக்கையில் காவலின் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பூஜ்யம் என்று போட்டால் மேலிடம் திருப்பி அனுப்பிவிடும். போன மாதம் ஒரு தனி ஆமையைத் தாக்கிவிட்டு இன்னும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிற சுறாவைத் தனக்குத் தெரியும் என்றது. வேலை நேரத்தில் சொந்தப் பசிக்குச் சாப்பிடவும் அனுமதி இல்லையாம்.

"மத்தவங்க எங்கே?" என்று பிறகு கேட்டது.

சீதேவியின் முதுகில் ஒரு நடுக்கம் ஓடியது. அது ஆடுகளுடையதா தன்னுடையதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தன்னை விட்டுவிட்டுப் போனவர்களைக் காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல நேரம் வராது. அதிவீரனின் மரியாதையான குரல் காதில் ஒலித்தது. கூடவே, திரும்பிப் பார்த்த அந்தத் திமிங்கலமும், அதன் முதுகில் சுரைக்காயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நூறு முயல்களும் நினைவுக்கு வந்தன.

"திரும்பித் திரும்பிப் போறாங்க. எங்கே இருக்காங்கன்னு அவங்களுக்கே தெரியாது."

சுறா அவளையே பார்த்தது. பிறகு பெருமூச்சு விட்டது. தங்கள் தலைமையகமும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, வழியை விட்டு ஒதுங்கியது.

அவள் சொன்னது உண்மைதான். சிப்பிக்குள் இருந்த கணக்கை முதல் வாரமே தலைமையகம் அவளுடைய வேகத்துக்கு மாற்றி அனுப்பியிருந்தது. வேகம் கூடிய பிறகு அதைத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தும் அதிகாரம் தலைமையகத்துக்கு மட்டுமே உண்டு. ஆகவே கான்வாய் தப்பான இடத்தில் இடப்பக்கம் திரும்பி, அதைவிடத் தப்பான இடத்தில் வலப்பக்கம் திரும்பி, கடைசியில் பனிமலைகள் மிதக்கும் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. திமிங்கலங்களுக்கு அங்கே உறவுக்காரர்கள் இருந்தார்கள். குரங்குகளுக்குச் சளி பிடித்தது.

சீதேவி நேராகத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தாள். சிங்கத்தின் தளபதியான கரடி ஏற்கெனவே அங்கே வந்து, ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்குக் கூடாரம் போட்டுக் காத்திருந்தான். நாற்பது ஆடுகள் இறங்கின. கரடி மிச்சப் பேரைக் கேட்டான். கொம்பையா கடலைக் காட்டினான். கரடி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இதையெல்லாம் புலியின் ஒற்றன், ஒரு நரி, மரத்துக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சிறைக்க ஓடிப் போய்ப் புலியிடம் சொன்னான். சுறா நிறைந்த கடலில், ஒரு டால்பின்கூடக் காவலுக்கு இல்லாமல், கழுத்தில் சுரைக்காய்கூட இல்லாமல் நாற்பது பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள் என்றான். ஒருவர் உடம்பிலும் கீறல் இல்லை, இறங்கியதும் புல் மேய்கிறார்கள் என்றான்.

புலி எழுந்து மேலும் கீழும் நடந்தது. காவலே வேண்டாம் என்று வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருப்பார்கள் என்று யோசித்தது. மாலைக்குள் புது அழைப்பிதழ் அச்சாகி வந்தது. சிங்கத்தின் பெயர் முதல் வரியில், தங்க எழுத்தில் இருந்தது. கழுதைப்புலியின் பெயரையே எடுத்துவிட்டார்கள். போர் முடிந்தது. ஆடுகள் கல்யாணத்துக்கு இருந்து, பந்தியில் சாப்பிட்டன. பந்தியில் தாங்களே பரிமாறப்படாதது கொம்பையாவுக்குக் கடைசிவரை ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கான்வாய் வந்து சேர்ந்தது. ஒருவரையும் பறிகொடுக்காமல் கொண்டுவந்ததற்காக அதிவீரனுக்குப் பதக்கம் கிடைத்தது. சீதேவிக்கு விசாரணைக் கடிதம் கிடைத்தது. அதில் மூன்று குற்றங்கள் இருந்தன. கான்வாயை விட்டு விலகியது. காவலின்றிப் பயணம் செய்தது. படை வந்து சேருமுன் போரை முடியவிட்டது. தான் விலகவில்லை, அவர்கள்தான் விட்டுப் போனார்கள் என்று அவள் சொன்னாள். பதினொரு பேர் ஒரு பக்கமும் ஒருத்தி ஒரு பக்கமும் இருந்தால் விலகியவர் யார் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும் என்று விசாரணை அதிகாரியான ஆந்தை எழுதியது. வயதையும் வயிற்றையும் கருதித் தண்டனையைக் குறைத்தார்கள். இனிமேல் அவள் தனியாகக் கடலில் இறங்கக் கூடாது. வீடு திரும்புவதும் அதிவீரனின் காவலில், கான்வாயோடுதான்.

கிளம்புகிற அன்று ஆடுகள் திமிங்கலங்களின் பக்கம் போகவே மாட்டோம் என்று அடம்பிடித்து, அவள் முதுகிலேயே ஏறிக்கொண்டன. கொம்பையா காதருகே குனிந்து, ஊர் போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று கேட்டான்.

சீதேவி கடலைப் பார்த்தாள். முன்னால் அதிவீரன் புதுச் சிப்பி ஒன்றைத் திறந்துகொண்டிருந்தான்.

"தனியாப் போனா ஒரு மாசம்," என்றாள். "பாதுகாப்பாப் போனா, சொல்ல முடியாது."

நீதி: ஆபத்தில் மாட்டிக்கொள்வதாக இருந்தால் உரிய காவலோடு மாட்டிக்கொள்ளவும். தனியாகப் பிழைத்துக்கொள்வது விதிகளுக்குப் புறம்பானது.